பதினேழாம் ஓபியின் சுருக்கம்

அக்டோபர் 9, திங்கள்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அறக்கட்டளைக்கு எழுதப்போகும் கடிதத்துக்கு இதுதான் முதல் வரி. இரண்டாவது வரி இன்னும் வரவில்லை. வரும்வரை இந்த நோட்டில் தேதி போட்டு நடப்பதை எழுதிவைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். ஆதாரம் வேண்டும். வெறும் கோபத்தை எழுதினால் படிப்பவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுவார்கள், அவனைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அவன் என்பது டாக்டர் தெய்வசிகாமணி. கோவையில் ஒரு நூற்பாலைக் குடும்பம் அறக்கட்டளை வைத்து நடத்தும் துணி அருங்காட்சியகத்தின் இயக்குநர். நான் அங்கேயே முதுநிலைக் காப்பாளர். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தோம். யார் முதலிடம் என்று அவனையே கேட்கலாம். 2009-இல் கியோட்டோவில் பழந்துணிப் பாதுகாப்பில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. அதற்காக ஜப்பானிய எழுத்துகளை உட்கார்ந்து படித்தவன் நான். விமானம் ஏறியவன் அவன். திரும்பி வந்து புத்தகம் போட்டான், இயக்குநர் ஆனான். புத்தகத்தின் நன்றியுரையில் என் பெயர் ‘கோவர்த்தன்ராஜ்’ என்று இருக்கிறது. என் பெயர் கோவர்த்தனன்.

இன்று செய்த வேலை: ஓபிப் பட்டியலைச் சரிபார்த்தல். ஓபி என்பது கிமோனோவின் மேல் இடுப்பில் சுற்றும் பட்டுக் கச்சை. அறக்கட்டளைத் தலைவி அம்மா, 1960-களில் கணவர் ஆலைக்கு இயந்திரம் வாங்க ஒசாகா போனபோதெல்லாம் கூடப் போய்ப் பழைய கச்சைகளாகப் பொறுக்கி வாங்கி வந்திருக்கிறார். மொத்தம் நாற்பத்து மூன்று. இதுவரை இரும்பு அலமாரியில் கிடந்தன. டிசம்பர் 9 அன்று முதல்முறையாகக் கண்காட்சி. அதற்கு முன் கியோட்டோவிலிருந்து நகானோ என்ற அம்மையார் வந்து ஒவ்வொன்றையும் பார்த்து ஒப்புதல் தருவார். தெய்வசிகாமணிக்கு 2009-இல் பாடம் சொன்னவர் அவர்தான்.

அக்டோபர் 12, வியாழன்

கூட்டிப் பெருக்க வந்த ஆராயி, விரித்து வைத்திருந்த ஒன்பதாம் எண் ஓபியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏனுங்க சார், இந்த எடம் மட்டும் எதுக்கு வெறுசா உட்டுட்டாங்க?”

சுற்றும்போது உள்ளே போய் மறையும் இடம் அது, அதில் பூ வேலை வேண்டாமென்று விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன்.

“நம்ம பொடவைல கொசுவத்துக்குள்ள போற எடத்துலயும் கட்டம் இருக்குதுங்களே. அவிங்க வெவரமான ஆளுங்க போங்க” என்று சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

இதே கேள்வியைத் தெய்வசிகாமணி கேட்டிருந்தால் ஒரு கட்டுரையாக்கி இருப்பான்.

அக்டோபர் 16, திங்கள்

இரண்டு செய்திகள். இரண்டும் எரிச்சல்.

ஒன்று, கியோட்டோவுக்கு ஏப்ரலில் மறுபடியும் ஒருவர் போகலாமாம். இயக்குநர் இசக்கியம்மாளின் பெயரை அனுப்பியிருக்கிறான். திருநெல்வேலிப் பெண், முப்பத்தாறு வயது, ஒப்பந்தத்தில் இருக்கும் துணிப் பாதுகாப்பாளர். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, கியோட்டோ கிடைத்தால் நிரந்தரம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் ஜப்பானியம் பேசக் கற்றிருக்கிறாள். வயது வரம்பு நாற்பது. எனக்கு ஐம்பத்து மூன்று. வயது வரம்பை யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு, சாவி நோட்டு. இசக்கியம்மாள் பொறுப்பில் இருக்கும் ஓபி அலமாரிச் சாவியை யார் எடுத்தாலும் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டுமாம். இருபத்தாறு ஆண்டுகளாக இந்தக் கட்டடத்தில் இருப்பவன் சாவி எடுக்கக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன் என்று எல்லார் முன்னிலும் சொன்னேன்.

தெய்வசிகாமணி சிரித்தான். “விடுப்பா கோவர்த்தா. உன்ற கையெழுத்து எங்கிருந்தாலும் ஊருக்கே தெரியும். ‘ழ’ எழுதுனீன்னா வாலு கீழ் ஊட்டு வரைக்கும் போகும்.”

எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரியில் என் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதித் தேறியவனுக்கு என் ‘ழ’வின் வால் நன்றாகத்தான் தெரியும். இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

அலுவலகத்தில் இன்றே ஆயுத பூஜை. ஆராயி தராசு, நுண்ணோக்கி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். இயக்குநர் பொரி வாங்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டான். இசக்கியம்மாள் மகளின் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அரை நாள் விடுப்பு.

“சார், சாவி இந்தாங்க. ஈரப்பத மீட்டர மட்டும் மூணு மணிக்கு ஒருக்கா பாத்துருங்க. நோட்டுல ஒரு கையெழுத்து...” என்று இழுத்தாள். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

பிற்பகல் நல்ல வேலை. பதினேழாம் எண்ணை எடுத்தேன். குசும்பாப் பூச் சிவப்பில், நுனிக்கு நுனி முடிச்சுச் சாயம் போட்ட மென்பட்டு ஓபி. நூறு வயதுக்கு மேல் இருக்கும். பட்டை நகக்கண் அளவு கிள்ளி, நூல் சுற்றி, சாயத்தில் போட்டு, பின்பு நூலை அவிழ்ப்பது. நூல் இருந்த இடம் வெள்ளைப் புள்ளி. மான்குட்டிப் புள்ளி என்று அவர்கள் மொழியில் பெயர். நாற்பதாயிரம் முடிச்சாவது இருக்கும். பெட்டியிலேயே கிடந்து சுருங்கி, முள் முள்ளாக நின்றது. பதிவேட்டில் அகலம் முப்பத்தொரு சென்டிமீட்டர். அளந்தால் இருபத்திரண்டு. இப்படியே நகானோ அம்மாவிடம் காட்டினால் மானம் போகும்.

மதுரையில் எங்கள் வீட்டுத் தொழில் சுங்குடி. சாயம் காய்ந்த சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தால் முடிச்சுகள் பொரி பொரிவதுபோல் அவிழும். அதோடு விட்டால் எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். நீவி, பெட்டி போட்டு, புள்ளி தட்டையாக உட்கார வேண்டும். எட்டு வயதிலிருந்து செய்த வேலை. கியோட்டோ போகாமலே எனக்குத் தெரிந்த வேலை.

ஆவி காட்டி, இழைபோன போக்கில் நீவி, ஈர மல் துணி போட்டு, பின்பக்கமாகக் குறைந்த சூட்டில் தேய்த்தேன். மூன்று மணி நேரம். சாயம் ஒரு சொட்டு நகரவில்லை. இப்போது முப்பத்தொன்று. பதிவேட்டோடு ஒத்துப்போய்விட்டது. யார் செய்தது என்று நகானோ அம்மா நிச்சயம் கேட்பார். அப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 23, திங்கள்

விடுமுறை. சுகுணா என் மேசையில் புத்தகங்களை அடுக்கிப் பூ வைக்க வந்தாள். (வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

“லெட்டரு முடிஞ்சிருச்சா?”

“முதல் வரி இருக்கு.”

“பதினாலு வருஷமா மொத வரியிலயே நிக்கிறீக. இதையும் பூஜையில வச்சிரவா?”

ஒரு மனிதனின் மனைவி அவன் பக்கம் நிற்க வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 3, வெள்ளி

மழை. ஈரப்பதம் எழுபத்தொன்று. காற்று உலர்த்தும் இயந்திரம் மறுபடி மக்கர்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தெய்வசிகாமணி வாழ்த்து அனுப்பியிருந்தான். விளக்குப் படம். பதில் போடவில்லை.

நவம்பர் 20, திங்கள்

நகானோ அம்மா வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும், குள்ளம், ஆண்கள் போடுவதுபோல் கறுப்பு ஷூ. மதியம் சாம்பார் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு ஆராயியிடம் ஏதோ சொன்னார். இசக்கியம்மாள் மொழிபெயர்த்தாள். “நல்லாருக்குன்னு சொல்லுதாங்க ஆராயிக்கா.”

“பின்ன? பெருங்காயம் நம்முளுதுங்க” என்றார் ஆராயி.

ஜப்பானியத்தில் ஒரு வணக்கம் சொல்லலாம் என்று மூன்று நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாய்ப்பு வரவில்லை. இயக்குநர் குறுக்கே குறுக்கே நின்றான்.

நாளை அலமாரியைத் திறக்கிறோம். வெளிர் நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 21, செவ்வாய்

பதினாறு எண்கள் வரை எல்லாம் சரியாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா தலையை ஆட்டி, குறிப்பேட்டில் ஒரு வட்டம் போட்டார்.

பதினேழின் மேல் காகிதத்தை விலக்கினார். கை அப்படியே நின்றது. தொடவில்லை. துணிக்கு ஓர் அங்குலம் மேலே உள்ளங்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டுபோனார், அடுப்பில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

“ஷிபோ” என்றார். மறுபடியும் அதையே சொன்னார்.

இசக்கியம்மாள் குனிந்து துணியைப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள். “சுருக்கம் எங்கன்னு கேக்காங்க சார்.”

தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தான். “அய்யோ” என்றான். அந்த ஒரு சொல்தான்.

அப்புறம் அவன்தான் விளக்கினான், எனக்கு, எல்லார் முன்னாலும். சுங்குடியில் புள்ளிதான் வேலை. இதில் புள்ளியோடு அந்த முள்ளும் வேலை. முடிச்சு அவிழ்ந்த இடத்தில் பட்டு மேலே எழும்பி நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான முள் நிற்பதால்தான் அது பிடித்தால் இழுபட்டு, விட்டால் சுருங்கி, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். ஆவியும் சூடும் காட்டினால் முள் செத்துவிடும். திரும்ப வர வேண்டுமானால் நாற்பதாயிரத்தையும் மறுபடி கட்ட வேண்டும். முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம் அங்கே.

முதல் வாரமே.

யார் செய்தது என்று அந்த அம்மா கேட்டார். இசக்கியம்மாள் மொழிபெயர்த்தாள். அப்போது அவள் கண் என் பக்கம் வந்து உடனே திரும்பிவிட்டது. அந்த அம்மா தாழ்ந்த குரலில் இன்னும் கொஞ்சம் பேசினார்.

“இதச் செஞ்சவங்களுக்குத் துணி நல்லாத் தெரியும்ங்காங்க. ஒரு எடத்துல பளபளப்பு ஏறல, ஒரு இழை கோணல. ஆனா இந்தத் துணியப் பத்தி அவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்காம விட்டுட்டாங்களேன்னு வருத்தப்படுதாங்க.”

குறிப்பேட்டில் பதினேழுக்கு எதிரே வட்டம் போடவில்லை.

நீலச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. மின்விசிறி சரியில்லை அந்த அறையில்.

நவம்பர் 22, புதன்

வேகமாக நடந்துவிட்டது. அக்டோபர் 18 எடுத்த படத்தில் பதினேழு சுருக்கத்தோடு இருக்கிறது. 25 எடுத்த படத்தில் தட்டையாக இருக்கிறது. சாவி நோட்டைக் கொண்டுவரச் சொன்னான் இயக்குநர். அந்த ஏழு நாளும் இசக்கியம்மாளின் கையெழுத்து மட்டும்தான்.

“ஏம்மா, நீதான் பண்ணுனியா?”

“நான் பண்ணல சார்.”

“அப்பறம் ஆரு?”

அவள் சாவி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாவிய ஆருகிட்டயாச்சும் குடுத்தியா?”

“சாவி என் பொறுப்புதான சார்” என்றாள். கேள்விக்கு அது பதில் ஆகாது. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 4, திங்கட்கிழமை அறக்கட்டளைக் கூட்டம். அதுவரை அவள் வேலைக்கு வர வேண்டாம். கியோட்டோ கடிதம் நிறுத்திவைப்பு. கூட்டத்தில் முடிவு எதிராக வந்தால் ஒப்பந்தமும் அதோடு சரி.

எனக்கு இரண்டாவது வரி வந்துவிட்டது: “அனுபவமற்ற ஓர் ஒப்பந்த ஊழியரிடம் விலைமதிப்பற்ற சேகரிப்பை ஒப்படைத்த இயக்குநரின் பொறுப்பின்மையால் ஒரு நூற்றாண்டு பழைமையான கச்சை பாழானது.” மூன்றாவதும் நான்காவதும் தாமாகவே வந்தன. ஒன்றரைப் பக்கம். கணினியில் தட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை அவனால் தப்ப முடியாது.

அன்று நான் அந்த மேசைப் பக்கம் போனதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஈரப்பத மீட்டரைப் பார்க்கத்தான் போனேன்.

நவம்பர் 23, வியாழன்

ஆராயி தேநீர் வைத்தார். போகாமல் நின்றார்.

“அந்தப் புள்ள எதுக்குங்க வரல?”

“விசாரணை.”

“துணி கெட்டுப்போச்சுன்னு பேசிக்கறாங்க. எந்தத் துணிங்க, அன்னிக்கு பூச போட்ட மத்தியானம் நீங்க பொட்டி போட்டீங்களே, செவப்பு, அதுங்களா?”

நான் நிமிரவில்லை.

“நெத்தில வேர்வ வடிய வடியத் தேச்சீங்க. பொரி கொண்டாந்து வெச்சேன், அதையுங்கூடத் திங்கல. அத்தன பதமாத் தேச்ச துணி எப்புடிங்க கெடும்?”

அது வேறு துணி என்றேன்.

“வேறயா இருக்கும்ங்க” என்றார் ஆராயி. “எனக்கென்ன தெரியுது. டீ ஆறுது, குடிங்க.”

அக்டோபர் 20 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இந்த நோட்டு நூலால் தைத்தது. ஒரு பக்கத்தை எடுத்தால் மறுபாதியில் அதன் ஜோடிப் பக்கமும் வந்துவிடும். அதில் என்ன எழுதப்போகிறேன் என்று இன்னும் தெரியாது.

நவம்பர் 24, வெள்ளி

ஒன்று தோன்றியது. முப்பத்தொரு சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதியவன் யார்? சுருக்கமுள்ள துணியை இழுத்துப் பிடித்து அளந்தவன்தான் உண்மையில் குற்றவாளி. அந்த அளவைப் பார்த்து ஏமாந்தவன் மேல் என்ன தப்பு? முதல் பதிவேடு 2009-இல் எழுதியது. தெய்வசிகாமணியின் வேலையாகத்தான் இருக்கும்.

பழைய ஆவண அறையில் போய்த் தூசி தட்டி எடுத்தேன். ‘எண்: பதினேழு. நிறம்: சிவப்பு. அகலம்: 31 செ.மீ.’ பதினேழின் ‘ழ’, வால் கீழே இறங்கி, அடுத்த வரியில் ‘நிறம்’ என்ற சொல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவன் அப்போது கியோட்டோவில் இருந்தான். முதல் வாரப் பாடம் படித்துக்கொண்டிருந்திருப்பான். நான் இங்கே உட்கார்ந்து நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, மேசைமேல் இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிட்டு அளந்திருக்கிறேன். நினைவில் இல்லை. கை மட்டும் செய்திருக்கிறது.

என்னை அனுப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இதை யாரும் மறுக்க முடியாது. இதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 27, திங்கள்

இசக்கியம்மாள் தன் பொருள்களை எடுக்க வந்தாள். இடுக்கி, சிறு கத்தரி, ஜப்பானியப் பாட நோட்டு, மகள் வரைந்த மயில் ஒன்று. அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

நான்தான் முதலில் பேசினேன். “கூட்டத்தில் நீ சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். யாரும் தடுக்கவில்லை.”

“நான் என்னத்தச் சொல்ல சார்? கையெழுத்து வாங்காம சாவியக் குடுத்தேன்னு சொல்லணும். அதுவும் என் தப்புல்லா?”

“நான் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.”

“ஆமா சார். எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட யாருமே கேக்கல.” இடுக்கியைத் துணியில் சுற்றினாள். “நீங்க சொல்லுவீங்கன்னு அன்னிக்கே நெனச்சேன். அந்த அம்மா கேட்டப்பவே. அப்புறம் புதன்கிழமையும் நெனச்சேன். இன்னிக்கு சாமான் எடுக்க வரச்சொன்னாங்க, வழியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். எனக்கும் கிறுக்குதான்.”

கியோட்டோ போய்த்தான் எல்லாம் கற்க வேண்டும் என்றில்லை என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

“அது உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும் சார்” என்றாள். குத்தலா, இரக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மயிலைச் சுவரிலிருந்து எடுக்க வரவில்லை, ஒட்டியிருந்த டேப் வலுவாக இருந்தது. நகத்தால் கிளறிக் கிளறி ஒரு மூலை கிழிந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 28, செவ்வாய்

அந்த மயில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மேசையை வேறு பக்கம் திருப்பிப் போட்டேன். முதுகுக்குப் பின்னால் இருப்பது இன்னும் மோசம்.

நவம்பர் 29, புதன்

இயக்குநர் என் அறைக்கு வந்தான். வழக்கமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

“நகானோம்மா சென்னை போயிட்டாங்க. போறப்பவும் அதையேதான் கேட்டாங்க. அந்தக் கைக்காரரப் பாக்கோணும்னு.”

“எதற்கு?”

“திட்டறதுக்கு இல்லீப்பா. இத்தன சுத்தமாத் தேய்க்கற ஆளு நூலு கட்டுனா எப்புடி இருக்கும்னு பாக்கோணுமாம்.” மேசைமேலிருந்த காகிதக் கத்தியை எடுத்து வைத்தான். “கோவர்த்தா, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

கதவு மூடியிருந்தது. ஆராயி எங்கோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“நீ 2009-இல் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம்” என்றேன்.

“என்ன லெட்டரு?”

“முதல் வாரம் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று.”

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். பிறகு எழுந்தான். “போட்டிருக்கலாம்” என்றான். “தப்புத்தான்.” கதவருகே போய்த் திரும்பி, “கூட்டம் திங்கக்கெழம பதினொரு மணிக்கு. அந்தப் புள்ளைக்காகப் பேசறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஒரு துண்டுக் காயிதம் இருந்தாக்கூடப் போதும், பேசிருவேன்” என்றான்.

பதினான்கு ஆண்டுகளாக அவன் வாயிலிருந்து ‘தப்பு’ என்ற சொல்லை எதிர்பார்த்திருந்தேன். வந்தபோது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 30, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. கணினியில் இருந்த கடிதத்தை அச்செடுத்தேன். இப்போது மூன்றேகால் பக்கம். 2009, கியோட்டோ, நன்றியுரையில் பெயர், வயது வரம்பு, சாவி நோட்டு என்று எல்லாம் வரிசையாக இருந்தது. தமிழும் நன்றாக இருந்தது. சுகுணா வெங்காயம் உரித்துக்கொண்டே வாங்கிப் படித்தாள். கடைசிவரை படித்தாள், அது அவள் குணம்.

“இதுல அந்தப் பொண்ணு எங்க?”

“எந்தப் பொண்ணு?”

“வேல போகப்போவுதே, அது.”

இரண்டாம் பக்கத்தில் ‘அனுபவமற்ற ஓர் ஒப்பந்த ஊழியர்’ என்று இருப்பதைக் காட்டினேன். அவள் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க ஒரு வாரமாத் தூக்கத்துல கைய நீவிக்கிட்டே இருக்கீக” என்றாள். “போர்வைய. ரெண்டு கையாலயும்.”

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அச்செடுத்த தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கி, அது சரியில்லை என்று புதுத் தாள் எடுத்தேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

“இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எண் பதினேழு ஓபியை ஆவி காட்டித் தேய்த்தது இசக்கியம்மாள் அல்ல. அக்டோபர் 20 பிற்பகல் அவர் விடுப்பில் இருந்தார். பள்ளியில் கேட்டால் தெரியும். சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தவர் வேறொருவர். எண் பதினேழின் அகலத்தை 2009-இல் தவறாக அளந்தவரும் அவரே. துணியைக் கெடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பதினேழைத் தேய்த்தபோது நல்ல வேலை செய்வதாகவே நினைத்தார். கியோட்டோவுக்கு இசக்கியம்மாளை அனுப்புங்கள். முதல் வாரம் கற்பதை இங்குள்ள எல்லாருக்கும் அவர் எழுதி அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.”

கடைசி வரி தேவையில்லை. ஆனாலும் அடிக்கவில்லை.

சுகுணா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இதையும் படித்தாள். இது சீக்கிரம் முடிந்துவிட்டது.

“பேரு போடலயா?”

“இல்லை.”

“மொட்டக் கடுதாசியா?”

“ஆமாம்.”

“மொட்டக் கடுதாசிய டைப் அடிச்சுல்ல போடுவாக?”

நான் தாளை மடித்தேன். உறையை எடுத்துக்கொடுத்தாள். பசை காய்ந்திருந்தது. சமையலறையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து அவளே ஒட்டினாள்.

அந்த எண்ணை மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தது. ஒன்று, ஏழு என்று இலக்கத்தில் போட்டிருந்தால் சுருக்கமாக முடிந்திருக்கும். பதினேழு என்று எழுத்தால்தான் எழுதினேன். மூன்று இடத்திலும் வால் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.

பெயர் போடப்போவதில்லை. அதில் மாற்றமில்லை. நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.